நடுக்கதவின் இடுக்கு

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட பழைய வீட்டுக்கு நடுக்கதவுதான் எல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அண்ணன் மனைவி வெறுந்தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். ஓட்டு விரிசல் வழியாக இறங்கும் மத்தியான வெயில் சுவரில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஓரகத்தி வீட்டில் கூரைக்கடியில் வெப்பம் தடுக்கும் பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, புது ஏசி. ஒரே கூரைதான், இப்போது வெயில்கூட ஆள் பார்த்து அடிக்கிறது. கதவின் அடியில் விரலளவு இடுக்கு. அதில் கசியும் குளிரில் பாதத்தை வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் வயிறெரிகிறாள். "கரண்ட் பில் குறையவே இல்லயே, குளிரெல்லாம் எங்கதான் போகுது?" என்கிறாள் ஓரகத்தி. "ஊதுபத்தியக் காட்டினா தெரிஞ்சிடும்மா. புகை எங்க இழுக்குதோ அங்க அடைச்சிடலாம்," என்கிறார் மெக்கானிக். ஊதுபத்தி வாசம் நடுக்கதவை நெருங்குகிறது. இந்தப் பக்கம் அவள் முந்தானையைச் சுருட்டி இடுக்கில் திணித்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொள்கிறாள். அந்தப் பக்கமிருந்து மெக்கானிக்கின் குரல். "புகை நேராத்தான் நிக்குது. இந்தக் கதவுல ஒண்ணுமில்லம்மா." அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. "அக்கா பக்கம் போகுதோன்னு நெனச்சேன்," என்கிறது ஓரகத்தியின் குரல். "போனாலும் அத மட்டும் அடைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். தெனமும் அங்கயேதான் உக்காந்திருக்காங்க, பாவம்." காலடிகள் விலகிப் போகின்றன. கழுத்தில் வியர்வை வழிகிறது. அவள் முந்தானையை உருவவில்லை.