இடது இருக்கை

ஊரில் காரின் இடது இருக்கை செண்பகவல்லியுடையது. கணவன் தங்கமாரி வேகமெடுக்கும்போதெல்லாம், செருப்பைக் கழற்றிய வெறுங்காலால் அவள் அங்கே இல்லாத பிரேக்கை மிதிப்பாள். அவன் சிரிப்பான். லாரி அவள் பக்கம்தான் மோதியது.

பிறகு வளைகுடாவுக்கு வேலைக்கு வந்தவன், லைசென்ஸுக்காக வண்டி பழகப் போனான். பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தான். அங்கே பயிற்சியாளர் மரியதாஸ் உட்கார்ந்திருந்தார். இந்த நாட்டில் ஓட்டுபவனுக்குத்தான் இடது இருக்கை. சுற்றிப்போய் அவள் இடத்தில் உட்கார்ந்தான்.

ஆளில்லாத சாலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் வண்டி குலுங்கி நின்றது.

“காலி ரோட்டுல எதுக்கு தம்பி பிரேக் போடுறீங்க? இதோட மூணு வாட்டி. டெஸ்ட்ல ஃபெயிலாக்கிருவாங்க.”

“நான் போடலண்ணே.”

குனிந்து பார்த்தான். அவன் கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. பக்கத்தில் பிரேக், அடிவரை அழுந்தியிருந்தது.