கல்லறைத் திருநாளுக்கான சாமந்தி

புயல் கரையைக் கடக்க இன்னும் நேரம் இருக்கிறது. மந்தைவெளியில் எங்கள் மொட்டைமாடியின் பகல் வெளிச்சம் பழுத்து மங்கிக் கிடக்கிறது. பறக்கும் ரயிலின் ஓசையைக் காற்று துண்டு துண்டாகக் கொண்டுவருகிறது. என் மனைவி ஐரின் வருடந்தோறும் தன் பெற்றோரின் கல்லறைக்கென்று இங்கே மஞ்சள் சாமந்தி வளர்ப்பாள். இந்த வருடச் செடிகளையும் ஆடியில் அவள்தான் நட்டாள்; ஆவணியில் போய்விட்டாள். நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். இந்தப் பூக்கள் இப்போது அவளுக்கு வேண்டும். “இப்பவே வெட்டி ஃபிரிட்ஜுல வெச்சிடலாமே மாமா” என்கிறாள் அவள் தங்கை பிரிஸில்லா, ஒரு தொட்டியை இடுப்பில் ஏற்றியபடி. “பாதி மொட்டும்மா. வெட்டுனா விரியாது.” “அக்கா மாதிரியே பேசுறீங்க. அவளும் என்னை இப்டிதான் சுமக்க வெப்பா.”

படியெல்லாம் ஈரமண் வாசனை. சாப்பாட்டு மேஜைக்கடியில், பீரோ ஓரத்தில், மாதா படத்தின் கீழே என்று தொட்டிகள் நிறைந்துவிட்டன. ஜன்னல் தகரத்தில் முதல் தூறல் விழும்போது பிரிஸில்லா கையில் ஒரு தொட்டி மிச்சம் இருக்கிறது. “இத எங்க வெக்க? இடமே இல்ல.” நான் கட்டிலில் ஐரின் படுக்கும் பக்கத்தைக் காட்டுகிறேன். “மண்ணு கொட்டும் மாமா.” “கொட்டட்டும்.” அவள் என்னை ஒருமுறை பார்க்கிறாள். தலையணையை நகர்த்தாமல், அதற்குச் சற்றுக் கீழே தொட்டியை வைக்கிறாள். இதழில் ஈரம் தங்கினால் அழுகிவிடும். மின்விசிறியை மிக மெதுவாகச் சுழலவிட்டு, கட்டிலின் என் பக்கத்தில் உட்கார்கிறேன்.