குடித்துப் பார்த்து வாங்கிய மனை

முடிச்சூரில் அந்த ஒரு மனையை மட்டும் தரகர் சிட்டிபாபுவால் தள்ளிவிட முடியவில்லை. பார்க்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டு ஞானாம்பாளிடம் கிணற்றுத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். “ஒரே உப்பு” என்று முகம் சுளித்துவிட்டுத் தாம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

அன்று ஓர் இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். திடீரென்று தூறல். அந்தப் பெண் மனையை விட்டுவிட்டு, ஞானாம்பாள் வாசலில் காய்ந்துகொண்டிருந்த வடாமைத் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

“மாமி, நனைஞ்சிடப்போகுது. உள்ளே வைங்க.”

பிறகு தண்ணீர் வந்தது. குடித்த கணவன், “இளநீர் மாதிரி இருக்கே. முடிச்சுடலாம் சார்” என்றான்.

அவர்கள் போனதும் சிட்டிபாபு திரும்பி வந்தார்.

“இன்னா மாமி இது? நேத்து வரைக்கும் உப்புக் கரிச்ச தண்ணி இன்னிக்கு எப்படி மாறிச்சு?”

“அது எப்பவும் நல்ல தண்ணிதான். நீங்க வித்துட்டுப் போயிடுவீங்க. காலம்பூரா பக்கத்துல இருக்கப்போறவ நானில்லையா? பிடிக்காத ஆளுங்களுக்குன்னு ஒரு சொம்புல உப்புக் கரைச்சு வெச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு அவரிடமும் ஒரு டம்ளரை நீட்டினாள்.

சிட்டிபாபு பயந்துகொண்டேதான் வாயில் வைத்தார். இனித்தது.