இடது கன்னத்தில் வடு

“ஒண்ணும் தெரியலியேம்மா” என்றார் குமாஸ்தா கண்ணாயிரம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் லோகநாயகி அவர் காலில் விழுந்திருப்பாள். இன்றைக்குக் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லாப் பாருங்க சார்” என்று இடது கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். “வெளிச்சத்துல லேசாத் தெரியும்.”

கண்ணாயிரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். படூரிலிருந்து பஸ் மாறிச் செங்கல்பட்டுக்கு வந்து, இரண்டு ஆண்பிள்ளைகளை விட்டுத் தன் கன்னத்தில் பரு வடு தேடச் சொல்வோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சர்க்கார் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை பரீட்சையில் தேறியிருந்தாள். மதிப்பெண் சரி. சாதிச் சான்று சரி. மணிக்கட்டு மச்சம் சரி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுதியிருந்த இரண்டாவது அங்க அடையாளத்தில்தான் வண்டி நின்றுவிட்டது.

இடது கன்னத்தில் வடு.

எழுதியது விஜயகுமாரி டீச்சர், தொண்ணூற்றெட்டில். ஆளுக்கு இரண்டு அடையாளம் வேண்டும், அது சர்க்கார் விதி. மற்றவர்களுக்கெல்லாம் கழுத்திலும் காலிலும் மச்சம் தாராளமாக இருந்தது. லோகநாயகிக்கு ஒன்றுதான் தேறியது. வகுப்பு முழுக்க மச்சம் தேடிக் களைத்துப்போயிருந்த டீச்சர், “மொகத்துலதான் இவ்ளோ இருக்குதே” என்று கன்னத்துத் தழும்பை எழுதிவிட்டார். வகுப்பே சிரித்தது.

இவ்ளோவும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலைந்து பருதான். போகும்போது ஆளுக்கொரு கறுப்புப் புள்ளியை விட்டுவிட்டுப் போகும்.

ஆனால் அந்த நாலைந்தை வைத்துக்கொண்டு அம்மா செங்கம்மாள் பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே! வேப்பிலையை அரைத்து அப்பினாள். கடலை மாவை அப்பினாள். எவளோ சொன்னாள் என்று பற்பசையைத் தடவித் தூங்க வைத்தாள். வேர்க்கடலை கூடாது, மாம்பழம் கூடாது, கறிக்குழம்பு கூடவே கூடாது. கண்ணாடி முன் நின்றால் திட்டு, நிற்காவிட்டாலும் திட்டு. மொகமா இது, பணியாரச் சட்டியா என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கிறவரை ஓயாது.

பிறகு ஒருநாள் பரு தானாகவே வருவதை நிறுத்திக்கொண்டது. வடுக்களும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. சான்றிதழில் இருந்தது மட்டும் போகவில்லை.

“போன தடவ அண்ணன் பேர்ல தம்பி வந்து ஒக்காந்துட்டான்மா. அதுலேர்ந்து மேல இருக்கறவங்க கண்ல எண்ணெய ஊத்திக்கினு பாக்கறாங்க. அடையாளம் சரியா இல்லன்னா வேலய அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

கண்ணாயிரம் வருத்தத்தோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மோசமான ஆளாக இருந்தால் மனசுக்குள் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

பத்தாவது படித்தபோது எடுத்த போட்டோவை நீட்டினாள். பிரயோஜனமில்லை. பருவையெல்லாம் எடுத்துவிடும்படி அம்மா அன்றைக்கே ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சியிருந்தாள். அவரும் நெகடிவைப் பென்சிலால் தீட்டித் தீட்டி, மைதா மாவு பூசிய மாதிரி ஒரு முகத்தைக் கொடுத்திருந்தார்.

கடைசியில் கண்ணாயிரமே ஒரு வழி சொன்னார். சின்ன வயதிலிருந்து பார்த்தவர் யாராவது, பெற்றவர்களே ஆனாலும் சரி, வடு இருந்து மறைந்துபோனது என்று அவர் முன்னால் சொன்னால் போதும். குறிப்பெழுதி அனுப்பிவிடுவார்.

லோகநாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த வடுவைப் பற்றி அம்மாவைவிட அதிகம் பேசியவர் உலகத்தில் கிடையாது.

அம்மா உள்ளே வந்தாள். மகளின் கன்னத்தை இரண்டு பேர் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“நீ பேசக் கூடாது” என்று லோகநாயகியை அடக்கிவிட்டு, கண்ணாயிரம் அம்மாவிடம் கேட்டார். “உங்க பொண்ணுக்கு முன்ன மொகத்துல பரு, தழும்பு ஏதாச்சும் இருந்திச்சாம்மா?”

லோகநாயகிக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இரண்டு வருஷமாக வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு இந்தக் கேள்வியைத்தான், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் கேட்பார்கள். அம்மாவும் ஏதோ பதில் சொல்லுவாள். அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது முழுசாகக் கேட்டதில்லை.

கண்ணால் ஜாடை காட்டினாள். அம்மா அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

“பருவா? எம் பொண்ணுக்கா?” செங்கம்மாள் நிமிர்ந்து நின்றாள். “இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க! பொறந்ததுலேர்ந்து அவ மொகத்துல ஒண்ணு வந்ததில்ல. எங்க ஜனத்துலயே இப்டி ஒரு லட்சணமான மொகம் கெடையாது சார், எங்க வேணா விசாரிச்சுக்கோங்க.”

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அதோடு விட்டாளா? மகளின் இரண்டு கன்னத்தையும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தாள். அத்தனை விரலும் சொடக்கு விட்டது.

ஐயோ அம்மா என்று கத்த வேண்டும் போலிருந்தது லோகநாயகிக்கு. ஆனால் இருபத்து மூன்று வயதில் முதன்முதலாக அம்மா அவள் முகத்தை அழகு என்று சொல்லியிருக்கிறாள்.

கண்ணாயிரம் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.