சத்தம் எங்கே போச்சு?

"செத்துப்போச்சு! சத்தம் சுத்தமா செத்துப்போச்சு!"

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கமாண்டர் போட்ட கூச்சலில், அடுத்த அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த மனைவி கதவைப் படாரென்று சாத்தினாள். கருப்புத் திரையில் எண்கள் குடுகுடுவென ஓடிக்கொண்டிருந்தன. ஒலி அளவைக் காட்டும் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

கமாண்டர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். மற்றவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு தேடித் தேடி அமுக்குகிற வேலையை எல்லாம் அவர் கட்டளை வரிகளைத் தட்டியே முடித்துவிடுவார். நேரலையாக வரும் வீடியோவை வாங்கி, நல்ல இணையம் இருப்பவர்களுக்கு ஒரு தரம், சுமாராக இருப்பவர்களுக்கு ஒரு தரம், திக்கித் திணறுகிறவர்களுக்கு ஒரு தரம் என்று மூன்றாகச் சுருக்கி அனுப்புவதில் ஆள் புலி.

இன்றைய வேலை அவருடையதே அல்ல. வழக்கமாக இதைப் பார்க்கும் ஜூனியர் பெண் காய்ச்சலில் விழுந்துவிட்டாள்.

"கணக்கு கிளாஸ்ணா. டீச்சர் வீட்டுல இருந்தே எடுப்பாங்க. பசங்களுக்கு நாளைக்குப் பரீட்சை. எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன், எதையும் தொடாதீங்க, சும்மா ஓடவிட்டாப் போதும்" என்று இருமிக்கொண்டே சொல்லி போனை வைத்துவிட்டாள்.

சத்தம் வராதபோது தொடாமல் எப்படி இருப்பது?

அவள் எழுதி வைத்திருந்த கட்டளையைப் படித்துப் பார்த்தார். கடைசித் தரத்துக்குக்கூட நொடிக்கு ஐம்பது படம் போகும்படி வைத்திருந்தாள்.

"டீச்சரம்மா போர்டு முன்னாடி நிக்கப்போறாங்க. இதென்ன குதிரைப் பந்தயமா, இத்தனை படம் எதுக்கு?" என்று திரையைப் பார்த்தே திட்டினார். இவ்வளவையும் சுருக்க முடியாமல் சர்வருக்கு மூச்சு வாங்குகிறது, அந்த அவஸ்தையில்தான் அது சத்தத்தை விழுங்குகிறது என்று முடிவு கட்டினார்.

ஐம்பதைப் பத்தாக்கினார். நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டினார். சர்வர் ஆசுவாசமடைந்தது, கோடு அசையவில்லை.

டீச்சருக்கு போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் போட்டார், அதே கதை. பாடம் நடத்துகிறவர் எப்படி எடுப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்குள் உதவி எண்ணுக்கு மெசேஜ்கள் வந்து குவியத் தொடங்கின.

'சார், படம் வெட்டி வெட்டி வருது.'

'டீச்சர் கை தெரியல சார்.'

'சீக்கிரம் சரி பண்ணுங்க ப்ளீஸ்.'

கமாண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "போர்டைப் பாருங்கடான்னா கையைப் பாக்குதுங்க! சத்தம் போச்சேன்னு ஒருத்தனாவது வாயைத் திறக்குறானா பாரு!"

மனைவி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? என்ன நடக்குதுன்னு அந்த வீடியோவைத்தான் கொஞ்சம் திறந்து பாருங்களேன்."

"வீட்டு இணையத்தை உன் மீட்டிங்கே உறிஞ்சிக்கிட்டிருக்கு. இதையும் திறந்தா ரெண்டும் படுத்துடும். எனக்கு எண்ணைப் பாத்தாலே போதும்."

"போதும்னா ஏன் அது கூட சண்டை போடுறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அவருக்கோ உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பாடமே காதில் விழவில்லை என்றால் என்ன செய்வார்கள்? துணிந்து மூன்று தரத்திலும் படத்தை இன்னும் நசுக்கினார். மிச்சமான இடத்தை எல்லாம் சத்தத்துக்குத் தாராளமாகத் திறந்துவிட்டார்.

கோடு செத்த பாம்பு போலக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

'ஒண்ணுமே புரியல சார். நாளைக்கு நாங்க என்ன எழுதுறது?' என்று வந்த மெசேஜைப் படித்தபோது அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பத்து விரலும் விசைப்பலகை மேல் இருந்தன, தட்டுவதற்குத்தான் ஒரு வரியும் தோன்றவில்லை.

போன் அடித்தது. டீச்சர்தான் என்று பாய்ந்து எடுத்தார். ஜூனியர் பெண்.

"அண்ணா, பசங்க எனக்கு மெசேஜ் மேல மெசேஜ் போடுறாங்க. அழுதுடுவாங்க போல. என்னண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

அடக்கி வைத்திருந்த எரிச்சல் எல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. "நான் என்னம்மா பண்ணேன்? உங்க டீச்சரம்மா மைக்கை ஆன் பண்ணாமலே கிளாஸ் எடுக்குறாங்க! போன் பண்ணாலும் எடுக்கல! ஒரு பொட்டுச் சத்தம் வராம அந்தப் பசங்க என்னத்தைப் படிக்கும், சொல்லு?"

மறுமுனையில் அவள் இருமலை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணா... டீச்சரையும் சேர்த்து அந்தக் கிளாஸ்ல யாருக்குமே காது கேக்காது."