மரத்துப்போன உதடு

"உதடு இன்னும் மரத்துத்தான் இருக்கா, பியாட்ரிஸ்?" காப்ரியல் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"பல்லைப் பிடுங்கி ஒரு மணி நேரம்தாங்க ஆச்சு" என்றாள் மனைவி.

"தேத்தண்ணியைத் தொடாதே, சூடு தெரியாது. நெஞ்சு படபடங்குதா? ஊசி உனக்கு ஒத்துக்கலையோ என்னமோ. அவசரகாலச் சட்டம், ஆறு மணிக்கு மேல காவக்காரன் தோட்டத்துக் கேட்டைத் திறக்க மாட்டான். இப்பவே லோரியில கோலசிலாங்கூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"காலையில பல்லைப் பிடுங்கிக்கிட்ட வேலம்மாவும் இப்படித்தான் பயந்தா. 'ஒண்ணும் ஆகாது, பேசாம லயத்து வீட்டுக்குப் போ'ன்னு நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குற டிரசர் அவளை விரட்டிவிட்டாரு. எனக்கும் அதே ஊசி, அதே டிரசர்தானே?"

இன்னும் கழற்றாத வெள்ளைக் கோட்டோடு நின்ற காப்ரியல் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேலம்மாவுக்குப் போட்டப்போ என் கை நடுங்கலையே!"