காய்ந்த பலகை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. போர்வையை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கதைதான். ஒரு பலகையை அறுத்த கதை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேயிலை மேட்டில் பனி இன்னும் விலகவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு தினேஸ்வரன், வாசலில் இரண்டு முக்காலி போட்டு அதன்மேல் ஒரு நீளப் பலகையைக் கிடத்தியிருந்தான். எஸ்டேட்டில் தேயிலை வெட்டும் மெஷின் பிடிப்பவன். கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துப் பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே வந்தான்.

அவன் மனைவி வசுமதி பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கண்முன்னே வளர்ந்த பெண். வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது.

கிட்டார் வாசிப்பாள். எஸ்டேட் கல்யாணங்களில் அவள் வாசித்தால் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிகூடக் காலால் தாளம் போடுவார். இப்போது அந்தப் பழைய கிட்டாரை மடியில் வைத்தால் அதன் பருத்த உடம்பு இவள் வயிற்றில் இடிக்கிறது. வலி தாங்காமல் கத்திவிடுகிறாள்.

அதனால்தான் அவன் கரண்டு கிட்டார் செய்யக் கிளம்பினான். அது வெறும் பலகைதானே, தட்டையாக இருக்கும். கடையில் விற்பதெல்லாம் கனம். இவளுக்கென்றே சின்னதாக, வயிறு படுகிற இடத்தில் உள்ளே குழித்து, தானே செய்வது என்று திட்டம். கழுத்து, கம்பி, காந்தம் எல்லாம் தபாலில் வந்துவிட்டன. உடம்புதான் இல்லை.

கம்போங் ராஜா மரக்கடையில் வாங்கிவந்த பலகை பத்தே நாளில் வளைந்துபோனது. இந்த ஈரத்தில் எந்த மரம் காயும்?

"பெரியம்மா, இதப் பாருங்க!" என்னைக் கண்டதும் கூப்பிட்டான். "கோயில் ஸ்டோர்ல கிடந்துச்சு. அடுத்த மாசம் ஸ்டோர இடிக்கிறாங்களாம், வேணுங்கிறத எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கு லா!"

விரலால் தட்டிக் காட்டினான். ணங்கென்று கேட்டது.

"கலரப் பாருங்க, மஞ்சளா இருக்கு. பலா மரமாத்தான் இருக்கும். ஓட்டை வேற ரெடியா இருக்கு. சத்தம் கூட்டுற திருகாணிய இதுலயே மாட்டிருவேன்."

கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"கிட்டாருன்னு சொல்லிட்டு சப்பாத்திக் கட்டை செஞ்சு குடுத்துடாதீங்க," என்றாள் வசுமதி.

"செஞ்சா என்ன? நீ வாசி, நான் உருட்டுறேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாதம் இருக்கும்.

அட்டையில் வெட்டிய அச்சை எடுத்து அவள் மடியில் வைத்துப் பார்த்தான். குழிவு போதவில்லை. போன வாரம் எடுத்த அளவு அது. பலகையில் வரையும்போது இன்னும் ஒரு விரல்கடை உள்ளே தள்ளி வரைந்தான்.

பிறகு ரம்பத்துக்கு வயர் எடுக்க உள்ளே போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயெடுத்தேன். வசுமதி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாதீங்க பெரியம்மா. எனக்குத் தெரியும். எங்கம்மாவ இதுல கிடத்தித்தானே நீங்க எண்ணெ வச்சு மஞ்சத் தண்ணி ஊத்துனீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. எஸ்டேட்டில் செத்தவர்களையெல்லாம் அந்தப் பலகையில்தான் குளிப்பாட்டினோம். அந்த ஓட்டை தண்ணீர் வடிவதற்கு. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பலகையை எல்லாரும் மறந்திருந்தோம்.

"அவரு அறுக்கட்டும்," என்றாள். "அறுத்துட்டா என்னைய அதுல படுக்க வைக்க முடியாதில்ல."

தினேஸ்வரன் வந்துவிட்டான்.

"பெரியம்மா, அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க. ஆடக்கூடாது."

பிடித்தேன். தலைமாட்டுப் பக்கம். அவள் அம்மாவுக்கும் நான் அங்கேதான் நின்றேன்.

ரம்பம் ஓடியது. மஞ்சள் தூள் பறந்து வசுமதியின் பாதங்களில் படிந்தது. அவள் தட்டிவிடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, வீட்டிலேயே, அவள் போய்விட்டாள்.

பெரியவர்கள் கோயில் ஸ்டோரைக் கிளறிவிட்டு வந்தார்கள்.

"குளிப்பாட்டுற பலகையக் காணோமே. ஓரத்துல தண்ணி போக ஓட்டை வச்சிருக்கும். யாராச்சும் பார்த்தீங்களா?" இருளப்பன் மாமா வாசலில் நின்று பொதுவாகத்தான் கேட்டார்.

தினேஸ்வரன் தலைதூக்கினான். கிட்டார் சுவரில் தொங்கியது. கம்பி இன்னும் பூட்டவில்லை. ஓட்டையில் திருகாணி மாட்டியிருந்தது. அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியல மாமா," என்றான். "நான் பார்க்கல."

அவளைப் பாயில்தான் கிடத்தினோம்.

அவ்வளவுதான், கண்ணுங்களா. எழுந்து போங்கள். உங்கள் வீட்டுக்குள் வருகிற மரமெல்லாம் தொட்டிலாகவும் கட்டிலாகவுமே வரட்டும். உங்கள் வீட்டில் பாடுகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்கட்டும்.